ஜின்னா கேட்டதைக் கொடுக்கச் சொன்ன ராஜாஜி: சொந்தக் கட்சியே கைவிட்டது ஏன்?

1942-ம் ஆண்டு. மும்பையில் தமிழர்கள் நிறைய பேர் வசித்த மாட்டுங்கா பகுதி. பொதுக்கூட்ட மேடையில் இருந்த ராஜாஜி மீது தார் வீசப்பட்டது. சில வருடங்களுக்கு முன்புவரை சென்னை மாகாணத்தின் பிரதமர். காந்தியின் சம்பந்தி. உப்புச் சத்தியாகிரகத்தில் தமிழ்நாட்டையே வேதாரண்யத்தை நோக்கித் திரும்பிப் பார்க்க வைத்தவர். அவருக்குத்தான் இந்த மரியாதை. அந்த ஆண்டு அவர் போன இடமெல்லாம் கறுப்புக்கொடி, கூச்சல்.

அப்படி என்னதான் செய்துவிட்டார்? முஸ்லிம் லீக் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை ஒப்புக்கொண்டு பேச்சுவார்த்தைக்குப் போவோம் என்று சொன்னார். காங்கிரஸில் இருந்துகொண்டே சொன்னார். அதான் பிரச்சனை.

எதிர்க்கட்சியைப் பாராட்டிப் பேசிய தலைவரைச் சொந்தக் கட்சிக்காரர்களே சந்தேகமாகப் பார்ப்பது இன்றைக்கும் நடப்பதுதான். ஆனால் ராஜாஜிக்கு நடந்தது அதையெல்லாம்விடப் பெரிசு. அந்த ஒரு நிலைப்பாடு அவரை ஏழெட்டு வருடம் துரத்தியது. கடைசியில் ஒரு குடியரசுத் தலைவர் பதவியையே காவு வாங்கியது.

தொரப்பள்ளி முதல் கோட்டை வரை

சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி பிறந்தது 1878 டிசம்பர் 10, ஓசூர் பக்கத்தில் உள்ள தொரப்பள்ளி கிராமத்தில். சேலத்தில் வக்கீல் தொழில். நல்ல வருமானம். சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்தார். 1919-ல் காந்தியைச் சந்தித்த பிறகு எல்லாம் மாறியது. வக்கீல் தொழிலை விட்டார், சிறைக்குப் போனார், திருச்செங்கோடு அருகே ஆசிரமம் அமைத்தார். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்துபோய் உப்பு எடுத்தார். 1933-ல் அவருடைய மகள் லட்சுமிக்கும் காந்தியின் மகன் தேவதாஸுக்கும் கல்யாணம்.

1937 தேர்தலில் காங்கிரஸ் ஜெயித்து, ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அன்றைக்கு முதலமைச்சர் பதவிக்கு அதுதான் பெயர். சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு, விற்பனை வரி, ஆலய நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு என்று வேகமாக ஓடிய ஆட்சி. பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கி, பெரியார் தலைமையில் பெரிய எதிர்ப்பையும் சம்பாதித்தது. இரண்டாம் உலகப்போரில் இந்தியர்களைக் கேட்காமலேயே இந்தியாவைப் பிரிட்டன் இழுத்துவிட்டதைக் கண்டித்து, 1939 அக்டோபரில் கட்சி உத்தரவுப்படி பதவி விலகினார்.

இதுவரைக்கும் அவர் கட்சியின் செல்லப்பிள்ளை. கறாரானவர், பிடிவாதக்காரர் என்ற முணுமுணுப்பு உண்டு. ஆனால் விசுவாசத்தை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

முதல் சறுக்கல்: பிரதமர் பதவி லீக்குக்கா?

1940 மார்ச்சில் லாகூரில் கூடிய முஸ்லிம் லீக், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளுக்குத் தனி நாடு வேண்டும் என்று தீர்மானம் போட்டது. காங்கிரஸில் பெரும்பாலானவர்கள் இதைப் பேரம் பேசும் தந்திரம் என்று நினைத்தார்கள். பேசாமல் விட்டால் தானாக அடங்கிவிடும் என்று நம்பினார்கள்.

ராஜாஜி அப்படி நினைக்கவில்லை. அதே வருடம் ஆகஸ்டில் அதிரடியாக ஒரு யோசனையை வெளியிட்டார். பிரிட்டன் உடனே ஒரு தேசிய அரசை அமைக்கத் தயார் என்றால், அதன் பிரதமரை முஸ்லிம் லீக்கே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும், அந்தப் பிரதமர் தன் விருப்பப்படி அமைச்சரவை அமைக்கட்டும், அதற்குக் காங்கிரஸைச் சம்மதிக்க வைப்பது தன் பொறுப்பு என்றார். எதிராளி கையில் ஆட்டத்தையே கொடுத்துப் பார்க்கும் யோசனை. பிரிட்டன் கண்டுகொள்ளவில்லை, யோசனை அப்படியே அமுங்கிப்போனது. ஆனால் கட்சிக்காரர்கள் மனதில் ஒரு கேள்வி விழுந்தது: இவர் யார் பக்கம்?

சந்தேகம் முற்றுவதற்குள் தனிநபர் சத்தியாகிரகம் வந்தது. ராஜாஜி மறுபடி சிறைக்குப் போனார். விஷயம் தற்காலிகமாக அடங்கியது.

1942: ஜப்பான் வாசலில் நின்றபோது

அவர் ஏன் அடுத்த படிக்குப் போனார் என்பதைப் புரிந்துகொள்ள, 1942-ன் முதல் நான்கு மாதங்களைப் பார்க்க வேண்டும். பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் ரங்கூன். ஏப்ரல் 5-ல் கொழும்பு மீது குண்டு. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. இந்த இரண்டு ஊர்களும் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவை. சென்னை நகரத்தில் பீதி. மூட்டை முடிச்சோடு மக்கள் ரயில் ஏறினார்கள். அரசு அலுவலகங்களும் நகரத்தை விட்டு வெளியே மாற்றப்பட்டன.

டெல்லியில் இருந்த தலைவர்களுக்கு ஜப்பான் ஒரு செய்தி. சென்னையில் இருந்த ராஜாஜிக்கு அது கடலோரத்தில் கேட்ட குண்டுச் சத்தம். நாட்டைக் காப்பாற்ற உடனடியாக ஒரு தேசிய அரசு வேண்டும், காங்கிரஸும் லீக்கும் சேராமல் அது அமையாது, லீக் சேர வேண்டுமானால் அதன் கோரிக்கையைக் கொள்கையளவிலாவது ஏற்க வேண்டும். இதுதான் அவர் போட்ட கணக்கு. ஏப்ரலில் கிரிப்ஸ் தூதுக்குழுவின் பேச்சுவார்த்தை தோற்றுப்போனதும், இனி காத்திருக்க முடியாது என்று முடிவெடுத்தார்.

ஏப்ரல் 23-ம் தேதி சென்னையில் காங்கிரஸ் சட்டமன்ற உறுப்பினர்களைக் கூட்டினார். பிரிந்து போகும் உரிமை குறித்த லீக்கின் கோரிக்கையை ஒப்புக்கொண்டு பேசலாம் என்று அகில இந்திய காங்கிரஸுக்குப் பரிந்துரைக்கும் தீர்மானம் நிறைவேறியது. சென்னையில் லீக்கோடு சேர்ந்து மறுபடி ஆட்சி அமைக்கலாம் என்றும் சொன்னார்கள்.

கட்சி கொந்தளித்தது. காரியக் கமிட்டி உறுப்பினராக இருந்துகொண்டு, தலைவர் அபுல் கலாம் ஆசாத்திடம்கூடக் கலந்து பேசாமல் இப்படிச் செய்யலாமா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானதுதான். ராஜாஜியும் அந்த முறைகேட்டுக்கு வருத்தம் தெரிவித்துவிட்டு, காரியக் கமிட்டியிலிருந்து விலகினார். ஆனால் கருத்திலிருந்து விலகவில்லை. அலகாபாத்தில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி முன் தானே தீர்மானத்தை வைத்துப் பேசினார். ஆதரவு 15 ஓட்டு. எதிர்ப்பு 120.

அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். ராஜாஜி ஊர் ஊராகப் போய்ப் பேச ஆரம்பித்தார். மாட்டுங்கா தார் வீச்சு அப்போது நடந்ததுதான். கட்சிக்குள் இருந்துகொண்டு கட்சி முடிவை எதிர்த்துப் பிரசாரம் செய்வது சரியில்லை, வெளியே போய்ப் பேசுவதுதான் நேர்மை என்பது காந்தியின் எண்ணம். ஜூலையில் ராஜாஜி காங்கிரஸ் உறுப்பினர் பதவியையும் சட்டமன்றப் பதவியையும் சேர்த்தே விட்டார்.

மன்னிக்க முடியாதது எது?

ஆகஸ்ட் 8. வெள்ளையனே வெளியேறு தீர்மானம். மறுநாள் விடிவதற்குள் காந்தி, நேரு, படேல் எல்லோரும் கைது. தமிழ்நாட்டில் காமராஜர் உட்பட ஆயிரக்கணக்கானோர் சிறைக்குள் போனார்கள். பலர் வெளியே வர மூன்று வருடம் ஆனது.

ராஜாஜி இந்தப் போராட்டத்தை வெளிப்படையாக எதிர்த்தார். எதிரி வாசலில் நிற்கும்போது இது ஆபத்து என்றார். வெளியே இருந்தார்.

சாதாரணக் காங்கிரஸ் தொண்டனின் மனது உடைந்தது இங்கேதான். பாகிஸ்தான் என்ற சொல் மதுரையிலோ விருதுநகரிலோ இருந்த தொண்டனுக்குத் தூரத்து விவகாரம். ஆனால் தடியடி வாங்கியது, வேலை போனது, வீட்டில் அடுப்பு எரியாதது எல்லாம் பக்கத்து விவகாரம். நாங்கள் உள்ளே இருந்தோம், நீங்கள் வெளியே இருந்தீர்கள் என்ற ஒற்றைக் கணக்கின் முன்னால் ராஜாஜியின் எந்த வாதமும் எடுபடவில்லை. 1942-க்கு முன்பு அவர் எத்தனை முறை சிறைக்குப் போனார் என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவும் இல்லை.

காந்தியே கையில் எடுத்த திட்டம்

வெளியே இருந்த ராஜாஜி சும்மா இருக்கவில்லை. 1942 நவம்பரில் ஜின்னாவைச் சந்தித்தார். அந்தப் பேச்சைச் சிறையில் இருந்த காந்தியிடம் கொண்டுபோக அனுமதி கேட்டார். வைஸ்ராய் மறுத்துவிட்டார். 1943 பிப்ரவரியில் புனே ஆகா கான் மாளிகையில் காந்தி 21 நாள் உண்ணாவிரதம் இருந்தபோதுதான் சந்திக்க வழி கிடைத்தது. அங்கே ஒரு திட்டத்தைக் காட்டி, காந்தியின் சம்மதத்தையும் வாங்கிவிட்டார்.

ராஜாஜி திட்டம் என்று வரலாற்றில் பேசப்படுவது இதுதான். சுதந்திரக் கோரிக்கையை லீக் ஆதரிக்க வேண்டும், இடைக்கால அரசில் காங்கிரஸோடு சேர வேண்டும். போர் முடிந்ததும், வடமேற்கிலும் கிழக்கிலும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள, ஒன்றையொன்று ஒட்டிய மாவட்டங்களை ஒரு கமிஷன் பிரித்துக் காட்டும். அங்கே வசிக்கும் எல்லோரும், எந்த மதமானாலும், ஓட்டுப் போட்டுத் தனியாகப் போவதா என்று முடிவு செய்வார்கள். பிரிந்தாலும் பாதுகாப்பு, வணிகம், போக்குவரத்துக்குப் பொது ஒப்பந்தம் இருக்கும்.

1944 ஜூலையில் இது வெளியானதும் மறுபடியும் கூச்சல். இந்த முறை காந்தியும் சேர்ந்து திட்டு வாங்கினார். செப்டம்பர் 9 முதல் 27 வரை மும்பை மலபார் ஹில்லில் ஜின்னா வீட்டிலேயே காந்தி பேசினார். பலன் இல்லை. ஜின்னாவுக்கு மாவட்டங்கள் போதவில்லை. பஞ்சாபும் வங்காளமும் முழுசாக வேண்டும். எல்லோரும் ஓட்டுப் போடுவதும் பிடிக்கவில்லை. முதலில் பிரிவினை, அப்புறம்தான் சுதந்திரம் என்றார்.

மூன்றே வருடத்தில், 1947-ல் அவருக்குக் கிடைத்தது வெட்டப்பட்ட பஞ்சாப், வெட்டப்பட்ட வங்காளம். ஏறக்குறைய ராஜாஜி காகிதத்தில் போட்ட அதே மாவட்டக் கணக்கு. ஆனால் ரத்தம் சிந்தி.

திரும்பி வந்தவருக்குக் கதவு திறக்கவில்லை

1945-ல் போர் முடிந்து தலைவர்கள் விடுதலையானார்கள். ராஜாஜி காங்கிரஸுக்குத் திரும்பினார். டெல்லித் தலைமைக்கு அவர் வேண்டும். தமிழ்நாட்டுத் தொண்டர்களுக்கு வேண்டாம். திருப்பரங்குன்றத்தில் கூடிய காங்கிரஸ் ஊழியர்கள் அவர் தலைமைக்கு எதிராகத் தீர்மானமே போட்டார்கள். மாநிலக் கட்சி காமராஜர் கையில் இருந்தது.

1946 தொடக்கத்தில் சென்னை, மதுரை, பழனி என்று வந்துபோன காந்தி, ராஜாஜிக்கு எதிராக ஒரு சிறு கும்பல் வேலை செய்கிறது என்ற பொருளில் தன் பத்திரிகையில் எழுதினார். அந்த வார்த்தை காமராஜரைக் காயப்படுத்தியது. அவர் கட்சியின் பார்லிமென்டரி போர்டிலிருந்து விலகினார். ராஜாஜிக்கு உதவ நினைத்து காந்தி எழுதியது, அவருக்கே எதிராகத் திரும்பியது. உண்மையில் அது சிறு கும்பல் இல்லை. தேர்தலில் ஜெயித்த பிறகு, ராஜாஜியைப் பிரதமராக்கலாம் என்று மேலிடம் சொன்னபோது, காங்கிரஸ் சட்டமன்ற உறுப்பினர்கள் பெரிய வித்தியாசத்தில் நிராகரித்தார்கள். பிரகாசம் பிரதமரானார்.

விசித்திரம் என்னவென்றால், சொந்த மாகாணம் வேண்டாம் என்றவரை நாடு மேலே மேலே தூக்கியது. இடைக்கால அரசில் அமைச்சர், மேற்கு வங்க ஆளுநர், 1948 ஜூனில் மவுண்ட்பேட்டனுக்குப் பிறகு கவர்னர் ஜெனரல். இந்தியர்களில் அந்தப் பதவியில் உட்கார்ந்த ஒரே ஆள்.

குடியரசானதும் அதே வீட்டில் அவரே முதல் குடியரசுத் தலைவராகத் தொடரட்டும் என்று நேரு ஆசைப்பட்டார். 1949-ல் கட்சி உறுப்பினர்கள் கூட்டத்தில் பேச்சை எடுத்ததுமே எதிர்ப்பு கிளம்பியது. 1942-ல் கட்சியை விட்டுப் போனவருக்கா நாட்டின் முதல் மரியாதை? நேருவே பின்வாங்க வேண்டியதாயிற்று. ராஜேந்திர பிரசாத் குடியரசுத் தலைவரானார்.

கடைசி மேடை

1952-ல் காங்கிரஸ் சென்னையில் பெரும்பான்மை இழந்து தவித்தபோது, ராஜாஜியைத்தான் கூப்பிட்டார்கள். தேர்தலில் நிற்காமல் மேலவை நியமன உறுப்பினராக வந்து முதலமைச்சரானார். பாதி நேரப் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்ற கல்வித் திட்டம் குலக்கல்வி என்று பெயர் வாங்கி அவரை வீழ்த்தியது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார். 1959-ல், எண்பது வயதில், சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். 1967-ல் திமுகவோடு கைகோத்துக் காங்கிரஸ் ஆட்சியை இறக்கினார்.

நான்கே வருடத்தில் இன்னொரு திருப்பம். 1971 தேர்தலில் திமுகவை எதிர்த்து ராஜாஜியும் காமராஜரும் ஒரே அணி. கால் நூற்றாண்டாக எதிரெதிரே நின்ற இருவரும் ஒருவரை ஒருவர் ஆதரித்து ஓட்டுக் கேட்டார்கள். இரண்டு பக்கத்துத் தொண்டர்களுக்கும் பழசு எதுவும் மறக்கவில்லை. 234 தொகுதிகளில் திமுக 184. காமராஜரின் காங்கிரஸுக்கு 15. ராஜாஜியின் சுதந்திராவுக்கு 6.

அடுத்த ஆண்டு டிசம்பர் 25-ம் தேதி, 94 வயதில், சென்னையில் ராஜாஜி காலமானார். வாழ்நாள் முழுக்க அரசியலில் எதிர்த்து நின்ற பெரியார் சக்கர நாற்காலியில் வந்து, சிதை எரியும் இடத்தில் உட்கார்ந்து அழுதார்.