தண்ணீர்ப் பானையும் பொருளாதாரப் பாடமும்

அண்ணல் அம்பேத்கரை நாம் பெரும்பாலும் கையில் அரசியல் சட்டப் புத்தகத்தோடு நிற்கும் சிலையாகவே பார்த்துப் பழகியிருக்கிறோம். ஆனால், அவர் வெளிநாடு போய்ப் படித்த முதன்மைப் பாடம் பொருளாதாரம். அந்தப் படிப்பில் அவர் எழுப்பிய கேள்விகளுக்கு வேர் தேடினால், அவரது சிறுவயதுக்கே போக வேண்டியிருக்கிறது.

1901ஆம் ஆண்டு. ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்ற தந்தை ராம்ஜி, சாத்தாரா மாவட்டத்தில் காசாளராக இருந்தார். பஞ்சத்தில் தவித்த மக்களுக்கு வேலை கொடுக்க அங்கே அரசு ஏரி வெட்டிக்கொண்டிருந்தது. தந்தையைப் பார்க்க அண்ணனோடும் அக்காள் பிள்ளைகளோடும் ரயிலில் போய் இறங்கினார் சிறுவன் பீமாராவ். மகார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் வண்டிக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். இரட்டை வாடகைக்கு ஒருவர் இசைந்தார். அதுவும், பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவர் நடந்து வருவார் என்ற நிபந்தனையோடு. வழியில் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. கட்டிவந்த சாப்பாட்டைத் தொட முடியாமல் இரவு கழிந்தது. எல்லார் கைக் காசுக்கும் ஒரே மதிப்பு இல்லை என்ற பாடத்தை எந்தப் பேராசிரியரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். பொதுநிதி அறிஞர் செலிக்மன் அங்கே ஆசிரியராக வாய்த்தார். 1916இல் லண்டன் போனார். மறு ஆண்டே உதவித்தொகைக் காலம் முடிந்ததால் படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்பினார்.

1918இல் இந்தியாவின் சிறு நிலங்கள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். துண்டு துண்டாகக் கிடக்கும் நிலங்களை ஒன்றுசேர்த்தால் விவசாயம் செழிக்கும் என்று அறிஞர்கள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஏர், மாடு, முதல் இல்லாதவனுக்கு நிலம் பெரிதானால் மட்டும் என்ன பயன் என்று கேட்டார் அவர். நிலத்தை நம்பி அளவுக்கு மீறிய மக்கள் வேலையற்றுக் கிடப்பதே நோய், தொழில் வளர்ச்சியே மருந்து என்றார். பஞ்சத்தில் மண் சுமந்த கூட்டத்தின் நடுவே தந்தை வேலை பார்த்த அந்த இடம் இங்கே நம் நினைவுக்கு வருகிறது.

அதே ஆண்டு பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். ஆசிரியர்களுக்கான பானையிலிருந்து அவர் தண்ணீர் குடிப்பதை உடன் பணியாற்றிய சிலர் எதிர்த்தார்கள். ஆனாலும், சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும் நண்பர் ஒருவரின் கடனும் பெற்று 1920இல் மீண்டும் லண்டன் போனார்.

ரூபாயின் சிக்கல் பற்றிய அவரது ஆய்வு 1923இல் நூலாக வந்தது. புகழ்பெற்ற கெயின்ஸ் ஆதரித்த நாணய முறையையே அதில் மறுத்தார். நாணயத்தின் மதிப்பு விழுந்தால் விலைவாசி ஏறும், கூலி அதே வேகத்தில் ஏறாது, முதலாளியின் லாபம் கூலிக்காரன் வயிற்றிலிருந்து எடுக்கப்படுவதே என்பது அவர் பார்வை. ஆசிரியர் எட்வின் கேனனுக்கு அந்த நூலின் பல கருத்துகளில் உடன்பாடில்லை. ஆனாலும் முன்னுரை எழுதிக் கொடுத்தார். 1925இல் வந்த மாகாண நிதி பற்றிய நூலுக்கு செலிக்மன் முன்னுரை தந்தார். கருத்தில் மாறுபட்டாலும் மாணவனை மதித்த ஆசிரியர்கள் ஒருபுறம், பானையைத் தொடவிடாத சகாக்கள் மறுபுறம். இரண்டு தரப்பும் சேர்ந்துதான் அந்த ஆய்வாளரை உருவாக்கின.

சாதி என்பது வேலையைப் பங்கிடும் ஏற்பாடு என்று பலர் நியாயம் சொன்னபோது, அது வேலைக்காரர்களையே கூறுபோடுகிறது என்று 1936இல் அவரால் எழுத முடிந்தது இதனால்தான்.

கல்லூரியில் பொருளாதாரம் படிக்கும் நம் பிள்ளைகள் ஆய்வுத் தலைப்பு தேடி வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. நம் ஊரின் பஞ்சமி நிலம் இன்று யார் பெயரில் இருக்கிறது, நடவுக்குப் போகும் அம்மாவின் கூலி அரிசி விலையோடு சேர்ந்து ஏறியதா என்று கேளுங்கள். அண்ணலின் ஆய்வும் இப்படித்தான் தொடங்கியது.