பல்லைப் பார்த்து பூமியைப் படித்தவர்



போன மாதம் எங்கள் அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. தாய்ப்பால் நன்றாக ஊற வேண்டும், சுறாப் புட்டு செய்து கொடுக்கணும் என்று ஆயா சொல்லிவிட்டார்கள். அப்பா திருவள்ளூர் மார்க்கெட்டில் பால் சுறா வாங்கி வந்தார். ஒரு முழ நீளம்தான் இருக்கும். ஆயா தலையை வெட்டி ஓரமாகப் போட்டார்கள். நான் சும்மா இருப்பேனா? ஒரு குச்சியை விட்டு அதன் வாயைத் திறந்து பார்த்தேன். முன்னால் ஒரு வரிசைப் பல். அதற்குப் பின்னால் இன்னொரு வரிசை, உள்பக்கமாக மடங்கிப் படுத்திருந்தது. அதற்கும் பின்னால் ஈறுக்குள் இன்னும் குட்டிப் பற்கள்! ஒரு மீனுக்கு எதுக்கு இத்தனை பல்?

மறுநாள் எங்கள் அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். ஸ்டெனோவைப் பற்றிப் படி என்றார்கள். எனக்கு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லித் தரும் ஸ்டெனோதான் ஞாபகம் வந்தது! அது இல்லையாம். அது ஒரு மனிதரின் பெயர். 350 வருஷத்துக்கு முன்னால் ஒரு சுறாவின் வாயைத் திறந்து பார்த்து, பூமியின் வரலாற்றையே படிக்க வழி காட்டியவர். அவருடைய கதைதான் இது.

பிறப்பும் இளமையும்

நீல்ஸ் ஸ்டென்சன் என்பது அவருடைய சொந்தப் பெயர். லத்தீன் மொழியில் எழுதும்போது நிக்கோலஸ் ஸ்டெனோ. டென்மார்க் நாட்டின் தலைநகரமான கோபன்ஹேகனில் 1638-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் பிறந்தார். அப்பா பொற்கொல்லர்.

மூன்று வயதில் அவருக்கு ஏதோ ஒரு நோய் வந்தது. ஆறு வயது வரை வீட்டை விட்டு வெளியே போக முடியவில்லை. மற்ற பிள்ளைகள் தெருவில் விளையாட, இவர் பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்து அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். நோய் தீர்ந்த கொஞ்ச நாளில் அப்பா இறந்துபோனார். பள்ளியில் படிக்கும்போது ஊரில் கொள்ளை நோய் பரவியது. அவர் படித்த பள்ளியில் மட்டும் 240 மாணவர்கள் இறந்தார்களாம். நம் பள்ளியில் பக்கத்து பெஞ்ச், எதிர் பெஞ்ச் எல்லாம் காலியானால் எப்படி இருக்கும்? நினைக்கவே பயமாக இருக்கிறது. இவ்வளவையும் தாண்டித்தான் அவர் படித்து, 1656-ல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

ஆட்டுத் தலையில் ஒரு கண்டுபிடிப்பு

1660-ல் மருத்துவம் படிக்க ஆம்ஸ்டர்டாம் போனார். வயது 22. ஒரு நாள் ஆட்டுத் தலை ஒன்றை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் இருந்த மெல்லிய கம்பி திடீரென்று ஒரு குழாய்க்குள் போய், வாய்க்குள் பல்லில் இடித்தது. காதுக்குக் கீழே உள்ள சுரப்பியிலிருந்து உமிழ்நீரை வாய்க்குக் கொண்டுவரும் குழாய் அது. நம் எல்லாருடைய கன்னத்திலும் இருக்கிறது. இன்றைக்கும் டாக்டர்கள் அதை ஸ்டென்சன் குழாய் என்றுதான் சொல்கிறார்கள். புளியங்காயை நினைத்தாலே வாயில் எச்சில் ஊறுகிறதே, அதில் ஒரு பங்கு இந்தக் குழாய் வழியாகத்தான் வருகிறது!

ஆனால் அவருடைய ஆசிரியர் பிளாசியஸ், அதைக் கண்டுபிடித்தது நான்தான் என்று சொல்லிவிட்டார். பெரிய சண்டை ஆயிற்று. ஸ்டெனோ அதிலேயே முடங்கிவிடவில்லை, கத்தியும் கையுமாக வேலையைத் தொடர்ந்தார். இதயம் ஏதோ உயிர்ச்சூட்டை உண்டாக்கும் அடுப்பு இல்லை, அதுவும் ஒரு தசைதான் என்று காட்டினார். 1665-ல் பாரிஸ் போய், பெரிய தத்துவ மேதை டெகார்ட் மூளையைப் பற்றி எழுதியதில் தப்பு இருக்கிறது என்று விளக்கினார். எவ்வளவு பெரிய ஆள் எழுதினாலும் சரி, அறுத்துப் பார்க்காமல் நம்ப மாட்டார்.

நாக்குக் கல்

இப்போது கதையில் கல் வருகிறது. ஐரோப்பாவில், முக்கியமாக மால்டா தீவில், முக்கோண வடிவில் பளபளப்பான கற்கள் பாறைக்குள் நிறைய கிடைத்தன. மக்கள் அதற்கு நாக்குக் கல் என்று பெயர் வைத்திருந்தார்கள். பவுல் என்ற புனிதர் அந்தத் தீவில் பாம்புகளைச் சபித்தபோது அவற்றின் நாக்கு கல்லாகிவிட்டது என்று ஒரு கதை. நிலா இல்லாத ராத்திரியில் வானத்திலிருந்து விழுகிறது என்று பழைய ரோமாபுரி எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருந்தார். பாறைக்குள் தானாகவே முளைக்கிறது என்று படித்தவர்கள் சொன்னார்கள். நம் ஊரில் தாயத்து கட்டுகிற மாதிரி அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டார்கள். விஷத்தை முறிக்கும் என்று பணக்காரர்கள் விலை கொடுத்து வாங்கினார்கள்.

அந்தத் தலை வந்தது

1666-ல் ஸ்டெனோ இத்தாலிக்குப் போய், ஃப்ளோரன்ஸ் நகரத்தில் இரண்டாம் ஃபெர்டினாண்டோ என்ற பிரபுவின் ஆதரவில் வேலை செய்தார். அந்த ஆண்டு அக்டோபரில் லிவோர்னோ துறைமுகத்துக்குப் பக்கத்தில் மீனவர்களிடம் ஒரு பெரிய வெள்ளைச் சுறா சிக்கியது. எடை ஒரு டன்னுக்கு மேல். தலையை மட்டும் வெட்டி ஃப்ளோரன்சுக்கு அனுப்பி வைத்தார்கள். ஸ்டெனோ அறுத்துப் பார்க்கட்டும் என்று பிரபுவின் உத்தரவு.

எல்லாரும் அந்த வாயின் பயங்கரத்தைப் பார்த்தார்கள். ஸ்டெனோ பல்லின் வரிசையைப் பார்த்தார். வெளி வரிசைப் பற்கள் கெட்டியாக நிமிர்ந்து நிற்கின்றன. உள்ளே போகப் போகப் பற்கள் பின்பக்கம் சாய்ந்து ஈறுக்குள் புதைந்திருக்கின்றன, மென்மையாகவும் இருக்கின்றன. இது எதற்கு என்று அவர் யோசித்தார்.

அதற்கான பதில் நமக்கு இன்று தெரியும். சுறாவின் பல் நம் பல் மாதிரி எலும்புக் குழிக்குள் வேர் விட்டு நிற்பதில்லை, ஈறுத் தோலில்தான் பதிந்திருக்கிறது. முன் பல் விழுந்தால் பின்னால் படுத்திருக்கும் பல் எழுந்து முன்னால் வரும். நம் பக்கத்து ஃபேக்டரியில் கன்வேயர் பெல்ட் ஓடுகிறதே, அது மாதிரி. நமக்குப் பால் பல் ஒரே ஒரு தடவைதான் விழும். சுறாவுக்கு வாழ்நாள் முழுக்க விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும். ஒரு சுறாவுக்கு ஆயிரக்கணக்கில் பல் முளைக்கும்.

ஒவ்வொரு வகைக்கும் பல் வேறு. வெள்ளைச் சுறாவுக்கு மேல் பல் அகலமான முக்கோணம், ஓரத்தில் ரம்பம் போல அரம், அறுப்பதற்கு. கீழ் பல் கொஞ்சம் ஒல்லி, இரையைப் பிடித்துக்கொள்வதற்கு. புலிச் சுறாவின் பல் சேவல் கொண்டை மாதிரி, ஆமை ஓட்டையே அறுத்துவிடும். எங்கள் வீட்டுக்கு வந்த பால் சுறாவுக்குப் பல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பல்லை வைத்தே இது என்ன சுறா, என்ன தின்னும் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

மலைக்குப் பல் எப்படிப் போனது?

நாக்குக் கல்லையும் சுறாப் பல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதே வடிவம்! இதை முதலில் சொன்னவர் ஸ்டெனோ இல்லை. 1616-லேயே ஃபாபியோ கொலோன்னா என்ற இத்தாலியர் அவை சுறாப் பற்கள்தான் என்று எழுதியிருந்தார். ஆனாலும் பலர் ஏற்கவில்லை. கடல் மீனின் பல் மலையில் இருக்கும் பாறைக்குள் எப்படிப் போகும் என்ற கேள்விக்குச் சரியான பதில் வேண்டியிருந்தது.

ஸ்டெனோ ஒவ்வொன்றாக யோசித்தார். கல் பாறைக்குள் வளர்ந்திருந்தால், அரச மரத்து வேர் சுவரைப் பிளக்கிற மாதிரி பாறையில் விரிசல் விழுந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. எனவே பல் முதலில் இருந்திருக்கிறது. அதைச் சுற்றி இருந்த சேறு பிறகுதான் கெட்டியாகிப் பாறை ஆகியிருக்கிறது. ஏன் இவ்வளவு பற்கள்? ஒரே சுறாவின் வாயில் எத்தனை பல் என்று அவர்தான் பார்த்துவிட்டாரே! அப்படியானால் அந்த இடம் ஒரு காலத்தில் தண்ணீருக்கு அடியில் இருந்திருக்க வேண்டும்.

சுறாவின் எலும்புக்கூடு எங்கே போனது என்று கேட்கலாம். சுறாவுக்கு எலும்பே கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. அது சீக்கிரம் மக்கிவிடும். பல் மட்டும் மிஞ்சும்.

1667-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். அதில் போட்ட சுறாத் தலைப் படம் 1593-ல் இறந்துபோன மெர்காட்டி என்பவர் தயாரித்து, அச்சேறாமல் கிடந்த படம். தன் முடிவை முடிந்த முடிவு என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. இதுதான் என் பக்கத்து வாதம், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள் என்கிற மாதிரி அடக்கமாக வைத்தார். எனக்கு அவரிடம் பிடித்ததே இதுதான்.

கீழே இருப்பது மூத்தது

அதோடு விடாமல் மலை மலையாக ஏறி இறங்கிப் பாறைகளைப் பார்த்தார். 1669-ல் இன்னொரு சிறு நூல் எழுதினார். அதில் வருவது ரொம்ப எளிமையான விஷயம். சேறு படியும்போது தட்டையாகத்தான் படியும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கு சேரும். புரட்டிப் போடாமல் இருந்தால், அடியில் இருக்கும் அடுக்கு பழசு, மேலே இருப்பது புதுசு. சாய்ந்து கிடந்தால் பிறகு ஏதோ அதை அசைத்திருக்கிறது. அவ்வளவுதான்! பழைய பேப்பர் கட்டில் அடியில் இருப்பது பழைய தேதி என்று நம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பூமியையும் அப்படிப் படிக்கலாம் என்பதைத் தெளிவான விதியாக எழுதி வைத்தவர் இவர்தான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. பூமிக்கு வயது சில ஆயிரம் ஆண்டுதான் என்ற அந்தக் கால எண்ணத்தை ஸ்டெனோவும் விடவில்லை. கோடிக்கணக்கான ஆண்டு என்று பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். ஆனால் அவர்கள் ஏறிப் போன ஏணி இவர் போட்டது.

கடைசி நாட்கள்

1669-ல் வந்தது வெறும் முன்னோட்டம்தான். முழுப் புத்தகத்தை அவர் எழுதவே இல்லை. 1667-ல் கத்தோலிக்கராக மாறியிருந்த அவர் 1675-ல் பாதிரியார் ஆனார், 1677-ல் ஆயர் ஆனார். அறிவியலை விட்டுவிட்டு ஜெர்மனிக்குப் போனார். ஏழைகளுக்கு உதவுவதற்காகத் தன் ஆயர் மோதிரத்தையே விற்றாராம். பட்டினி விரதம் இருந்து உடம்பு மெலிந்து, 1686-ல் ஷ்வெரின் என்ற ஊரில் காலமானார். வயது 48. உடலை ஃப்ளோரன்சுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். 1988-ல் போப் இரண்டாம் ஜான் பால் அவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தார்.

இன்னும் பத்து வருஷம் அறிவியலில் இருந்திருந்தால் என்னென்ன கண்டுபிடித்திருப்பாரோ என்று எனக்கு வருத்தம்தான். அது அவர் மனசு, நாம் என்ன சொல்ல முடியும்?

நம்ம ஊருக்கும் ஸ்டெனோவுக்கும்

இத்தாலிக் கதை நமக்கெதுக்கு என்று கேட்பவர்களுக்கு இது. 1840-களில் சென்னை மாகாணத்தில் இருந்த கே, கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரிக்குப் பக்கத்துப் பாறைகளிலிருந்து தொல்லுயிர் எச்சங்களைச் சேகரித்தார்கள். அதில் இருந்த சுறாப் பற்களைப் பற்றி எகர்ட்டன் என்பவர் லண்டனில் 1845-ல் எழுதினார். பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்திலும் சுமார் 10 கோடி ஆண்டுக்கு முந்தைய சுறாப் பற்கள் கிடைத்துள்ளன. இன்று பொட்டல் காடாக இருக்கும் அந்த இடம் அன்று கடல்!

அதைவிடப் பக்கத்தில், நம் மணவாள நகரிலிருந்து பஸ் ஏறினால் பூண்டி. அதன் அருகே அத்திரம்பாக்கத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட், வில்லியம் கிங் இருவரும் ஆதி மனிதனின் கல் கருவிகளைக் கண்டெடுத்தார்கள். 1999 முதல் சாந்தி பப்பு அவர்களின் குழு அங்கே அடுக்கு அடுக்காகத் தோண்டியது. அடி அடுக்கில் இருந்த கைக்கோடரிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு. அதற்கு மேல் அடுக்கில் இருந்த சின்னக் கருவிகளுக்கு சுமார் 3.85 லட்சம் ஆண்டு. கீழே இருப்பது மூத்தது! ஸ்டெனோ சொன்னது நம் மாவட்டத்து மண்ணிலேயே இருக்கிறது.

நண்பர்களே, அடுத்த முறை உங்கள் தெருவில் போர் போடும்போதோ வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ கொஞ்ச நேரம் நின்று, மண் எத்தனை நிறமாக மாறுகிறது என்று பாருங்கள். வீட்டில் சுறா வாங்கினால் தலையைத் தூக்கிப் போடும் முன் வாயைத் திறந்து பாருங்கள். (கையை விடாதீர்கள், குச்சி போதும்!) திமிங்கலச் சுறா, வேளா மீன் போன்றவை 2001 முதல் சட்டப் பாதுகாப்பில் உள்ளன. அவற்றின் பல், தாடையை யாராவது விற்றால் வாங்கக் கூடாது.

எங்கள் வீட்டுச் சுறாவின் தாடையைச் சுரண்டி, கழுவி, மொட்டை மாடியில் காய வைத்தேன். நாற்றம் தாங்கவில்லை என்று ஆயாவிடம் இரண்டு நாள் திட்டு வாங்கினேன். இப்போது அது ஒரு சாக்பீஸ் டப்பாவில், நம் பள்ளி அறிவியல் ஆய்வகத்தில், ஜன்னல் ஓர அலமாரியில் இருக்கிறது. டீச்சரிடம் கேட்டுவிட்டுப் போய்ப் பாருங்கள். எத்தனை வரிசை என்று எண்ணி வந்து என்னிடம் சொல்லுங்கள். எனக்கு ஒவ்வொரு தடவையும் வேறு வேறு கணக்கு வருகிறது!