ஓவியப் பள்ளியை நாடிய நந்தலால் போஸ்

கரக்பூர் என்றதும் நம் காலனி அன்பர்களுக்கு வங்காளத்து ஜங்ஷனும் அதன் நெடிய பிளாட்பாரமுமே நினைவிற்கு வரும். நாம் கூறப் புகுவது அவ்வூரை அன்று. ஜமால்பூர் ரயில்வே தொழிற்சாலை அமைந்துள்ள அதே முங்கேர் மாவட்டத்து ஹவேலி கரக்பூர் என்னும் சிற்றூரை. அங்கே 1882-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் நந்தலால் போஸ் பிறந்தார். தந்தையார் தர்பங்கா சமஸ்தானப் பணியில் இருந்தவர். பிழைப்பை நாடிப் பீகாரில் குடியேறிய வங்காளிக் குடும்பம். பிறமொழி வழங்கும் ஊரில் பிள்ளை வளர்ப்பது எத்தகையது என்பதை நம்மவர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

குயவர்களும் பொம்மை செய்வோரும் களிமண் பிசைவதைக் கண்டு வளர்ந்த சிறுவனுக்கு ஏட்டுப் படிப்பில் மனம் செல்லவில்லை. பதினைந்தாம் வயதில் கல்கத்தாவிற்கு அனுப்பப்பட்டார். 1902-இல் பள்ளியிறுதித் தேர்வில் தேறினார். மறு ஆண்டே சுதீரா தேவியாரை மணந்தார். ஓவியம் பயில வேண்டுமென்ற வேட்கையை வீட்டார் ஏற்கவில்லை. அவர்களைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. மணமான இளைஞன் தூரிகையை நம்பி இல்லறம் நடத்துவான் என்று எந்தப் பெற்றோர் துணிந்து நம்புவர்? கல்லூரியில் மேல்வகுப்பிற்குத் தேற இயலாமல் வேறு கல்லூரி புகுந்தார்; 1905-இல் பிரசிடென்ஸி கல்லூரியில் வணிகவியல் பயிலச் சேர்ந்தார். அதுவும் பலிக்கவில்லை. பன்முறை தோற்ற பின்னரே வீட்டார் இணங்கினர்.

இவ்விடத்தில் ஒன்று கவனிக்கத்தக்கது. படம் வரையக் கற்றுத் தரும் இடம் எதுவாயினும் சரி என்று அவர் புறப்படவில்லை. அவனீந்திரநாத தாகூரின் ஓவியங்களைப் பத்திரிகையில் கண்டு, இவரே தம் ஆசிரியர் என்று உள்ளத்தில் முடிவு செய்துகொண்டார். தாம் தீட்டிய படங்களைச் சுமந்துகொண்டு, அவனீந்திரநாதர் துணை முதல்வராயிருந்த கல்கத்தா அரசினர் கலைப் பள்ளியை அடைந்தார். முதல்வராயிருந்தவர் ஹாவெல் துரை. நம் சென்னைக் கலைப் பள்ளியில் 1884 முதல் பல ஆண்டுகள் பணியாற்றி, 1896-இல் கல்கத்தா சென்றவர் அவர். மேனாட்டுப் படங்களைப் பார்த்து வரைவதே கல்வி என்றிருந்த நிலையை மாற்றி, முகலாய ஓவியங்களை மாணவர் முன் வைத்தார். அதனை எதிர்த்து மாணவர்களே கிளர்ச்சி செய்தனர் என்பது வியப்பு!

வணிகவியலில் தோற்றவர் இங்கே துலங்கினார். 1908-இல் சிவனும் சதியும் பற்றிய அவரது படம் 500 ரூபாய் பரிசு பெற்றது. 1909-10-இல் ஹெர்ரிங்ஹாம் சீமாட்டியாரின் குழுவுடன் அஜந்தா சென்று குகை ஓவியங்களைப் படியெடுத்தார். அங்கே கண்டது ஆயுள் முழுவதும் அவர் கையில் தங்கிவிட்டது.

சாந்திநிகேதனத்தில் 1919-இல் தொடங்கப்பெற்ற கலாபவனத்தின் பொறுப்பை, ரவீந்திரநாதரின் விருப்பப்படி 1920-களின் தொடக்கத்தில் ஏற்று, 1951 வரை நடத்தினார். கோலமிடுதலும் மண் வேலையும் சுவரோவியமும் அங்கே பாடங்கள். மரத்தடியில் அமர்ந்து மரத்தையே பார்க்கச் செய்தார். மாணவர்களுக்கு அஞ்சலட்டையில் படம் வரைந்து அனுப்புவது அவர் வழக்கம். ராம்கிங்கர் பைஜும் வினோத விஹாரி முகர்ஜியும் அங்கே உருவாயினர். சத்தியஜித் ராய் 1940-இல் சேர்ந்து, படிப்பை முடிக்காமலே 1942-இல் வெளியேறினார். எனினும் ஆசிரியர்பால் கொண்ட மதிப்பு அவரை விட்டு நீங்கவில்லை.

1938-இல் ஹரிபுரா காங்கிரசுக்காக அவர் தீட்டிய, உழவரும் கொல்லரும் தாய்மாரும் நிறைந்த 80-க்கு மேற்பட்ட படங்களையும், நம் அரசியல் சட்ட மூலப்படியின் பக்கங்களை மாணவர்களுடன் அணி செய்ததையும் அன்பர்கள் அறிவர். 1954-இல் பத்ம விபூஷண் விருது பெற்று, 1966-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் கல்கத்தாவில் மறைந்தார்.

மெட்ரிகுலேஷனோடு நின்று ரயில்வே எழுத்தராய்ப் புகுந்த நாம் இதனை எழுதக் காரணம் உண்டு. நம் இல்லத்துப் பெண் இவ்வாண்டு ஓவியக் கல்லூரிகளின் விண்ணப்பங்களை மேசைமீது பரப்பி வைத்திருக்கிறாள். இரண்டு வாரமாக அவற்றைத் தொடாமல் கடந்து சென்றோம். அவளே நமக்கு ஒரு கதை கூறினாள். கேரளத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த கே. ஜி. சுப்பிரமணியன், சென்னை பிரசிடென்ஸி கல்லூரியில் பொருளாதாரம் பயின்றவர். 1942 போராட்டத்தில் சிறை சென்றதால் அரசினர் கல்லூரிகள் அவருக்கு மூடப்பட்டன. 1944-இல் நந்தலாலின் கலாபவனத்தில் சேர்ந்தார். பின்னர்ப் பரோடாவில் நெடுங்காலம் கற்பித்து, 1980-இல் அதே கலாபவனத்திற்கு ஆசிரியராகத் திரும்பினார்.

அன்றிரவே விண்ணப்பங்களை எடுத்துப் படிக்கத் தொடங்கினோம். எந்தக் கல்லூரியில் யார் கற்பிக்கிறார்கள் என்றே முதலில் கேட்டோம்.