எண்களை வாதிட்ட ஜீ.ஜீ.பொன்னம்பலம்

பருத்தித்துறையை அடுத்த அல்வாயில் 1901 ஆம் ஆண்டு பிறந்து, கேம்பிரிட்ஜில் கற்று, பரிஸ்டராகத் திரும்பியவர் ஜீ.ஜீ.பொன்னம்பலம். 1931 இல் சர்வசன வாக்குரிமையுடன் வந்த டொனமூர் அரசியலமைப்பின் முதல் தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்தது. வெறுமையாகக் கிடந்த வடபகுதி ஆசனங்களுக்கு 1934 இல் தேர்தல் நடந்தபோதே அவர் பருத்தித்துறைப் பிரதிநிதியாக அரசாங்க சபைக்குள் நுழைந்தார். சட்டத்தரணிகள் பலர் இருந்த அச்சபையில், வாக்குகள் எவ்வாறு எண்ணப்படுகின்றன என்பதிலேயே அதிகாரம் தங்கியிருக்கிறது என்பதை அவரளவு கூர்ந்து கண்டவர் சிலரே.

அந்தப் பாடத்தைப் புகட்டியது 1936 ஆம் ஆண்டு. டொனமூர் முறையில் கட்சி ஆட்சி கிடையாது. தெரிவு செய்யப்பட்ட 50 பேரும் நியமன உறுப்பினர் 8 பேரும் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிவர். ஒவ்வொரு குழுவும் இரகசிய வாக்கெடுப்பில் தெரியும் தலைவரே மந்திரியாவார். குழுவொன்றில் ஏறத்தாழ எட்டுப் பேர். ஐவர் ஒருமித்தால் மந்திரி அவர்களுடையவர். ஆக, சரியாகப் பங்கிடப்பட்ட முப்பத்தைந்து பேர் ஏழு மந்திரிப் பதவிகளையும் கைப்பற்றிவிடலாம். 1931 இல் பெரி சுந்தரமும் மாக்கான் மார்க்காரும் மந்திரிகளாயிருந்தனர். 1936 இலோ சிங்கள உறுப்பினர்கள் குழுக்களில் திட்டமிட்டு அமர, தமிழரோ முஸ்லிமோ இல்லாத மந்திரிசபை உருவாயிற்று. சீர்திருத்தக் கோரிக்கையை ஏகமனதாக முன்வைக்கவே அவ்வாறு செய்ததாகக் காரணம் கூறப்பட்டது. கணக்கை வகுத்துக் கொடுத்தவர் யாழ்ப்பாணத்துக் கணிதப் பேராசிரியர் சி.சுந்தரலிங்கம் என்று சொல்லப்படுவதுண்டு. விதி எதுவும் மீறப்படவில்லை என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது.

பொன்னம்பலத்தின் ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கையை இப்பின்னணியில் வைத்தே நோக்க வேண்டும். சபையில் பாதி பெரும்பான்மையினருக்கு, மறுபாதி இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் முதலான அனைவருக்கும். 1944 இல் தமிழ்க் காங்கிரஸை நிறுவிய அவர், அடுத்த ஆண்டு சோல்பரி ஆணைக்குழுவின் முன் இதை வாதிட்டார், ஆணைக்குழு நிராகரித்தது. அந்த மறுபாதி ஒன்றாக நிற்குமா என்பதே கோரிக்கையின் பலவீனம். ரி.பி.ஜாயா உள்ளிட்ட முஸ்லிம் தலைவர்கள் டி.எஸ்.சேனநாயக்கவின் பக்கம் நின்றனர். சிதறி வாழ்ந்த சமூகமொன்றுக்கு அது பிழையான கணக்கென்று சொல்வதற்கில்லை. புதிய முறையில் பல அங்கத்தவர் தொகுதிகளும் இருந்தன. அங்கே வாக்காளர் தம் வாக்குகள் அனைத்தையும் ஒருவருக்கே அளிக்கலாம். 1947 இல் மூவரைத் தெரிந்த மத்திய கொழும்பிலிருந்து ஜாயா வென்று மந்திரியானார்.

அதே தேர்தலில் தமிழ்க் காங்கிரஸ் 7 ஆசனங்களைப் பெற்றது. ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை 95 இல் 42 மட்டுமே. அறுதிப் பெரும்பான்மையற்ற அரசுக்கு ஏழு பேர் பெறுமதியானவர்கள். 1948 இல் பொன்னம்பலம் கைத்தொழில் மந்திரியானார். காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் காகிதம் ஆகிய தொழிற்சாலைகளோடு அவர் பெயர் இணைந்துள்ளது. ஆசனக் கணக்கு அவரை அரசினுள் இழுத்தது எனலாம். ஆனால் இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு அவர் அளித்த ஆதரவை எந்தக் கணக்கும் நியாயப்படுத்தாது. வாக்குரிமை பறிபோன மலையகத் தமிழரின் பிரதிநிதிகள் 1952 இல் ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. ஐம்பதுக்கு ஐம்பதின் ஒரு தூணே சரிந்தது. எஸ்.ஜே.வி.செல்வநாயகம் 1949 இல் பிரிந்து தமிழரசுக் கட்சியை அமைத்தார்.

1953 இல் பதவியிழந்த பொன்னம்பலம், 1960 இல் யாழ்ப்பாணத்தில் தோற்று, 1965 இல் வென்று, 1970 இல் மீண்டும் தோற்றார். கூட்டணித் தலைவர்களுக்கு எதிரான 1976 ஆம் ஆண்டு வழக்கில் அவரும் செல்வநாயகமும் ஒரே பக்கத்தில் தோன்றினர். 1977 பெப்ரவரியில் பொன்னம்பலமும் ஏப்ரலில் செல்வநாயகமும் மறைந்தனர். அவ்வாண்டு ஜூலையில் நடந்ததே தொகுதிவாரி முறையிலான கடைசிப் பொதுத் தேர்தல். 1978 அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது.