புகையோடு போராடிய ஜான் ஈவ்லின்

ஒரு நாட்டிற்கு நலம் பயப்பது இன்னதென்று கண்டு கூறுதல் அரிது. அதனினும் அரிது, அந்நலத்தைச் சட்டமாக்கி நிலைநிறுத்துதல். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு எத்துணைப் பெரிதென்பதை அறிய விழைவோர், ஆங்கில அறிஞராகிய ஜான் ஈவ்லினுடைய வரலாற்றைப் பயிலுதல் நலம். நாட்குறிப்பு எழுதியவராகவே பலரும் அவரை அறிவர். யாமோ ஈண்டு அவரை, மக்கள் உயிர்க்கும் காற்றுக்காகவும் நாட்டின் மரங்களுக்காகவும் வாதாடிய ஒருவராகக் காண விரும்புகின்றோம்.

ஈவ்லின் 1620-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 31-ஆம் நாள், சர்ரே மாகாணத்து வோட்டன் என்னும் ஊரில் செல்வக் குடியிற் பிறந்தார். அவருடைய பாட்டனார் வெடிமருந்து செய்து பெரும்பொருள் ஈட்டியவர். அத்தகைய குடியில் புகைக்குப் பகைவர் ஒருவர் தோன்றியது வியப்பன்றோ! ஆக்ஸ்போர்டில் பேலியல் கல்லூரியிற் பயின்ற அவர், மன்னருக்கும் பார்லிமெண்டுக்கும் போர் மூண்ட காலத்தில் பிரான்சு, இத்தாலி முதலிய நாடுகளிற் சுற்றி அங்குள்ள நகரங்களையும் சோலைகளையும் கண்டார். 1647-இல் பாரிசு நகரில் மேரி பிரௌன் என்னும் நங்கையை மணந்தார். பின்னர்த் தாய்நாடு திரும்பித் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள டெப்ட்போர்டில் குடியேறி, அழகியதொரு தோட்டத்தை வளர்த்தார். இல்லறத்தில் அவர் கண்ட துயரம் சிறிதன்று. மக்கள் எண்மருள் ஒரு மகளே அவருக்குப் பின்னும் உயிர் வாழ்ந்தாள். அறிவிற் சிறந்த மூத்த மகன் ரிச்சர்டு ஐந்து வயதில், 1658-இல் மறைந்தான்.

அக்காலத்து இலண்டன் மாநகரம் நாளுக்கு நாள் பெருகி வந்தது. விறகு அருகி விலையேறவே, நியூகாசில் பக்கத்திலிருந்து கப்பல்வழி வந்த நிலக்கரி எங்கும் எரிந்தது. கடல்வழி வந்தமையின் மக்கள் அதனைக் கடற்கரி என்றே வழங்கினர். ஒருநாள் ஈவ்லின் வைட்ஹால் அரண்மனையில் உலாவுகையில், அண்மையிலிருந்த புகைபோக்கிகளின் கரும்புகை உள்ளே புகுந்து, ஒருவர் முகத்தை ஒருவர் காணவொண்ணாதபடி அறைகளை நிறைத்தது. மன்னரின் மனைக்கே இக்கதியாயின் ஏழையின் குடிலுக்கு யாதாகும்?

1661-இல் அவர் ஒரு சிறு நூலை இயற்றி இரண்டாம் சார்லஸ் மன்னருக்குப் படைத்தார். பியூமிபூஜியம் என்பது அதன் பெயர். புகையை ஓட்டுதல் என்பது அதன் பொருள். இலண்டனில் இறப்போருள் ஏறக்குறையப் பாதிப்பேர் நெஞ்சு நோயாலும் ஈளையாலும் மடிகின்றனர் என்றும், தேவாலயங்களில் பிரசங்கத்தினிடையே இருமலொலி ஓய்வதில்லை என்றும் அவர் எடுத்துக்காட்டினார். போரினால் நியூகாசில் முற்றுகையுற்றுக் கரி வரத்துக் குன்றிய ஆண்டில், நகரத் தோட்டங்கள் மிகுதியாய்க் காய்த்தன என்பதையும் சான்றாகக் கூறினார்.

குறை கூறுதலோடு அவர் நின்றாரல்லர். பீர் காய்ச்சுவோர், சாயம் தோய்ப்போர், சுண்ணாம்பு சுடுவோர், உப்பும் சவர்க்காரமும் காய்ச்சுவோர் ஆகியோரின் உலைகளை ஆற்றின் கீழ்ப்பக்கம் ஐந்தாறு மைலுக்கு அப்பால் மாற்றவேண்டும் என்றார். அங்கிருந்து சரக்குகளைக் கொணர்வதால் ஆயிரக்கணக்கான படகோட்டிகள் பிழைப்பர் என்றும், நகரைச் சூழ ரோஜாவும் மல்லிகையும் நறுமணச் செடிகளும் நடவேண்டும் என்றும் விரித்துரைத்தார்.

மன்னர் மகிழ்ந்தார். அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் தம் உல்லாசக் கப்பலில் ஈவ்லினை உடன்கொண்டு செல்கையில், அடுத்த பார்லிமெண்டுக் கூட்டத்திற்கு மசோதா ஒன்று சித்தம் செய்யுமாறு பணித்தார். 1662 ஜனவரியில் அம்மசோதாவின் வரைவும் ஈவ்லின் கையை அடைந்தது. ஆயின் அது சட்டமாகவில்லை! புகையைத் தடுக்காத அப்பார்லிமெண்டு, அவ்வாண்டிலேயே அடுப்பொன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங் வரி விதித்தது. பீர் மீதிருந்த தீர்வையும் மன்னரின் வருவாயில் ஒரு பகுதி. எரியும் அடுப்பு அரசுக்குப் பொருள் தருவதாயிற்று. இருமும் மக்களுக்காகச் சபையில் வாக்களிப்பார் இலர்.

தோல்வியால் ஈவ்லின் சோர்ந்தாரல்லர். 1662-இல் கடற்படை அதிகாரிகள் கப்பல் மரத்தின் குறைவு பற்றி ராயல் சொஸைட்டியைக் கலந்தபோது, அச்சங்கத்தின் சார்பில் மறுமொழி வரைந்தவர் அவரே. அது 1664-இல் சில்வா என்னும் பெயரால் அச்சங்கத்தின் முதல் நூலாக வெளிவந்தது. மரம் நடுமாறு நிலக்கிழார்களை ஊக்கிய அந்நூல், அவர் காலத்திலேயே மீண்டும் மீண்டும் அச்சேறியது. 1668-இல் டீன் வனத்தில் 11,000 ஏக்கர் நிலத்தை வேலியிட்டு மரம் வளர்க்கப் பார்லிமெண்டே சட்டம் இயற்றியது.

ஒரே தலைமுறையில் மரத்திற்குச் சட்டம் கிடைத்தது, காற்றுக்குக் கிடைக்கவில்லை. ஏன்? மரத்தின் பின்னே கடற்படை நின்றது. காற்றின் பின்னே ஒரு நூலாசிரியரும் ஒரு மன்னரின் கணநேர விருப்பமுமே நின்றன. ஈவ்லினின் நோக்கிலும் ஒரு குறை இருந்தது. தொழிற்சாலை உலைகளையே பெரிதும் பழித்த அவர், இல்லந்தோறும் எரிந்த அடுப்புகளைச் சிறிதாகவே எண்ணிவிட்டார்.

1706-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் அப்பெரியார் மறைந்து வோட்டனில் அடக்கம் செய்யப்பெற்றார். இலண்டன் புகையோ அடங்கவில்லை. 1853-இல் ஒரு சட்டம் வந்தது. உலைகளையே அது தொட்டது, வீட்டு அடுப்பைத் தொடவில்லை. 1898-இல் ஓவியர் வில்லியம் ரிச்மண்டு முதலியோர் புகை ஒழிப்புச் சங்கம் கண்டு, பொதுமக்களிடையே பேசியும் எழுதியும் வந்தனர். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை பெரும்புகைமூட்டம் நகரைக் கவிந்தது. அதனால் மாண்டோர் நாலாயிரவர் என்று அப்பொழுது கணித்தனர். பன்னீராயிரவர் வரை இருக்கலாம் எனப் பிற்கால ஆராய்ச்சி கூறும். அதன்பின் விசாரணைக் குழுவும் பார்லிமெண்டு உறுப்பினரும் பத்திரிகைகளும் ஒருங்கே வற்புறுத்த, 1956-இல் தூய காற்றுச் சட்டம் நிறைவேறியது. வீட்டு அடுப்பின் புகையையும் அது கட்டுப்படுத்தியது. ஈவ்லின் நூல் வெளிவந்து அப்பொழுது 295 ஆண்டுகள் கழிந்திருந்தன.

அன்பார்ந்த மாணவ நண்பர்காள்! ஈவ்லின் உழைப்பு வீணாயிற்று என்று யாம் கூறோம், விதைத்தவர் அவரே. ஆயின் அவ்விதைக்கு நீர் வார்க்க மக்கள் திரண்டிலர். அரசர் தலையசைத்தால் போதுமென்றிராமல், படகோட்டியையும் தாயையும் மருத்துவரையும் ஓரணியிற் சேர்த்திருப்பின், எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கும். நல்ல நூல் அறிவைத் திறக்கும். பலர் கூடி விடாது கேட்டாலன்றிச் சட்டமன்றத்தின் கதவு திறவாது. இதுவே அப்பெரியாரின் வாழ்வினின்றும் யாம் கற்ற பாடம்.