தீர்ப்பைத் தமிழில் தந்த முன்சீப்



உங்கள் தாத்தாவின் நிலம் யாருக்குச் சொந்தம் என்று ஒரு வழக்கு நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வக்கீல்கள் வாதாடுகிறார்கள். நீதிபதி தீர்ப்புச் சொல்கிறார். எல்லாமே தாத்தாவுக்குத் தெரியாத மொழியில்! ஜெயித்தோமா, தோற்றோமா என்பதைக்கூட அவர் பிறரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எவ்வளவு தவிப்பாக இருக்கும்!

ஆங்கிலேயர் ஆட்சியில் நம் மக்கள் பலருக்கு இந்தத் தவிப்பு இருந்தது. அதைப் போக்க முயன்றவர்தான் மாயூரம் வேதநாயகம் பிள்ளை.

இவர் 1826-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் தேதி, திருச்சிராப்பள்ளி அருகே உள்ள குளத்தூரில் பிறந்தார். தந்தை சவரிமுத்துப் பிள்ளை, தாய் ஆரோக்கிய மரியம்மாள். தியாகராச பிள்ளை என்பவரிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார். பிறகு, திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராக வேலைக்குச் சேர்ந்தார். அடுத்து, மொழிபெயர்ப்பாளர் ஆனார். 1857-இல் தரங்கம்பாடியில் முன்சீப் பதவி கிடைத்தது.

முன்சீப் என்றால் யார் தெரியுமா? நிலம், கடன், சொத்து போன்ற வழக்குகளை விசாரிக்கும் நீதிபதி. சீர்காழியிலும் மாயூரத்திலும் அவர் இப்பதவியில் இருந்தார். மாயூரம்தான் இன்றைய மயிலாடுதுறை.

அக்காலத்தில் சென்னையில் சதர் நீதிமன்றம் என்ற பெரிய நீதிமன்றம் இருந்தது. அதன் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. பெரிய நீதிமன்றம் ஒரு வழக்கில் என்ன முடிவு செய்ததோ, அதுவே அதுபோன்ற மற்ற வழக்குகளுக்கும் வழிகாட்டி. ஆங்கிலம் தெரியாதவர் அந்த வழிகாட்டியை எப்படிப் பயன்படுத்துவார்? வேதநாயகர் இதைச் சிந்தித்தார். 1805 முதல் 1861 வரை வந்த முக்கியமான தீர்ப்புகளைத் தொகுத்துத் தமிழாக்கினார். 1862-இல் 'சித்தாந்த சங்கிரகம்' என்ற நூலாக வெளியிட்டார். அரை நூற்றாண்டுக்கும் மேலான காலத்துத் தீர்ப்புகளின் சாரம் தமிழனின் கைக்கு வந்துவிட்டது!

1879-இல் வெளிவந்த இவருடைய 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல். அந்தக் கதைக்குள்ளும், தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் தமிழிலேயே வாதாட வேண்டும் என்று வற்புறுத்தினார்.

பதவியை விட்டு விலகிய பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் மக்களை வாட்டியது. வேதநாயகர் தம் கைப்பொருளைச் செலவிட்டுப் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார். மாயூரம் நகராட்சித் தலைவராகவும் தொண்டாற்றினார். 1889-ஆம் ஆண்டு ஜூலை 21-இல் மறைந்தார்.

அவர் விதைத்த விதை வீண்போகவில்லை. இன்று தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் தமிழில் வாதாடலாம். 2019-இல் உச்ச நீதிமன்றமும் தன் தீர்ப்புகள் சிலவற்றைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் வெளியிடத் தொடங்கியது. ஆனால், சென்னை உயர் நீதிமன்றத்தின் மொழி இன்னும் ஆங்கிலம்தான். மீதி வேலையை முடிக்க, உங்களில் சிலர் நாளை வக்கீலாகவும் நீதிபதியாகவும் வர வேண்டும்.

அதற்கு முன்பே நீங்கள் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு ஓர் அரசுக் கடிதம் வந்தால், பொறுமையாகப் படித்து, புரியும்படி சொல்லுங்கள். வேதநாயகர் செய்த வேலையும் அதுதானே!