யூதரும் முஸ்லிமும் ஒரே கூடத்தில்: ரமணர் என்ன கற்றுக்கொடுத்தார்?

யூத, அரபுப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்கார்ந்து ஹீப்ரு, அரபு இரண்டையும் படிக்கும் பள்ளிகள் இஸ்ரேலில் சில உண்டு. கொல்கத்தாவில் 1881-இல் யூதப் பெண்களுக்காகத் தொடங்கிய பள்ளியில் இன்று படிப்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் மாணவிகள். இந்த இரு மதத்தவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த ஓர் இடம் நம்ம திருவண்ணாமலையிலும் இருந்தது. ஆனால் அது பள்ளிக்கூடம் இல்லை. 16 வயதில் வீட்டை விட்டு வந்த ஒருவரின் ஆசிரமம்.

யார் அவர்?

வேங்கடராமன் 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்தார். அப்பா சுந்தரம் ஐயர், வக்கீல். 1892-இல் அப்பா இறந்ததும் மதுரையில் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படிப்பு. படிப்பைவிட கால்பந்து, மல்யுத்தம் என்றால்தான் ஆர்வம். தூங்கினால் எழுப்பவே முடியாது!

அவரோடு படித்து, கால்பந்து ஆடிய நண்பர்களில் ஒருவர் அப்துல் வகாப். செல்லப் பெயர் சாப் ஜான். இந்த முஸ்லிம் நண்பனை வேங்கடராமன் திருப்பரங்குன்றத்துக்குக் கூட்டிப்போய், கோயிலைச் சேர்ந்து சுற்றி வந்திருக்கிறார். கடவுள் படைப்பில் பேதம் கிடையாது, பேதமெல்லாம் மனிதர் உண்டாக்கியது என்பது அந்த வயதிலேயே அவர் எண்ணம். பிற்பாடு போலீஸ் வேலைக்குப் போன வகாப், திருவண்ணாமலைக்கு வந்து பழைய நண்பரைப் பார்த்தார்.

16 வயதில் என்ன நடந்தது?

1896 ஜூலையில் திடீரென மரண பயம் பிடித்தது. பையன் ஓடி ஒளியவில்லை. பிணம் போலப் படுத்து, உடம்பு செத்தால் நான் என்பதும் சாகுமா என்று உள்ளுக்குள் பார்த்தார். ஆகஸ்ட் 29 அன்று, அண்ணன் கல்லூரிக் கட்டணத்துக்கான 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, கடிதம் எழுதி வைத்துவிட்டுக் கிளம்பினார். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்தார். 1950-இல் இறக்கும்வரை அந்த ஊரை விட்டுப் போகவில்லை. 1907-இல் காவ்யகண்ட கணபதி முனிவர் வைத்த பெயர்தான் ரமண மகரிஷி.

கூடத்தில் யார் யார்?

1922-இல் அம்மா அழகம்மாள் இறந்தார். அவர் சமாதியைச் சுற்றி ஆசிரமம் வளர்ந்தது. 1930-களில் அங்கே வந்தவர்களில் ஈராக்கைச் சேர்ந்த யூதர் எஸ்.எஸ்.கோஹன், போலந்து யூதரான பொறியாளர் மாரிஸ் ஃப்ரீட்மன், அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர் முகமது ஹபீஸ் சையத் ஆகியோர் உண்டு. காலம் எப்படிப்பட்டது? 1936-இல் பாலஸ்தீனத்தில் அரபுக் கிளர்ச்சி. அடுத்து ஐரோப்பாவில் யூதர்கள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். 1947-இல் இங்கே பிரிவினைக் கலவரம்.

இந்தக் கூடத்தில் மட்டும் எப்படிச் சேர்ந்து உட்கார முடிந்தது? ரமணர் யாரையும் மதம் மாறச் சொல்லவில்லை. எந்த மதம் உசத்தி என்ற விவாதத்துக்கும் இடம் கொடுக்கவில்லை. கேட்கிற நீ யார் என்று பார் என்பதுதான் எல்லோருக்கும் அவர் தந்த ஒரே வேலை. அதைச் செய்ய யூதர் யூதராகவே, முஸ்லிம் முஸ்லிமாகவே இருக்கலாம். எபிரேய வேதத்தில், கடவுள் தன்னை இருப்பாகவே மோசேவுக்குச் சொல்லும் இடத்தை அவர் அடிக்கடி எடுத்துக் காட்டுவார். வேதாந்தம் அதிலேயே அடங்கிவிட்டது என்பார். அந்த மோசேதான் முஸ்லிம்களுக்கு மூசா நபி.

குறையே இல்லையா?

இருந்தது. ஆசிரமச் சாப்பாட்டுக் கூடத்தில் பிராமணர்களுக்குத் தனிப் பகுதி இருந்தது. இரு பக்கத்தாரும் பார்க்கும்படி ரமணர் உட்கார்ந்து சாப்பிடுவார். நாடு கடந்து வந்தவர்கள் தியானக் கூடத்தில் ஒன்றாக உட்கார முடிந்தது. பந்தியில் முடியவில்லை.

இன்று இது ஏன் முக்கியம்?

1950 ஏப்ரல் 14 அன்று ரமணர் மறைந்தார். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டுமாக 1.2 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் ஈராக்கை விட்டு இஸ்ரேலுக்குப் போனார்கள். தலைமுறை தலைமுறையாக முஸ்லிம்களின் பக்கத்து வீட்டில் வாழ்ந்தவர்கள் அவர்கள். பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதுவே சாட்சி. அடையாளத்தைக் கழற்றி வைக்காமலே சேர்ந்து செய்ய ஒரு வேலை வேண்டும். மதுரையில் சாப் ஜானுக்கும் வேங்கடராமனுக்கும் அது கால்பந்து. திருவண்ணாமலையில் அது ஒரு கேள்வி.